பத்தாயிரத்தில் நாலு

குப்பை எரிக்கும் ஆலையின் கூரையில்
பன்னிரண்டு விசிறிகள்.
ஹின்வில் ஊருக்கு அவை ஓர் இரைச்சல்.
எனக்கு மாதச் சம்பளம்.

காற்றை இழுத்து வடிகட்டிக்குள் தள்ளும்.
பத்தாயிரம் பங்கு காற்றில் நாலே பங்கு கரிவளி.
சந்தை நெரிசலில்
கடன்பட்ட நாலு பேரை மட்டும்
சட்டையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு
மற்றவர்களைப் போகவிடுகிற மாதிரி.

சூரிச்சில் ஒரு கலியாண வீட்டில் மச்சாள் கேட்டாள்:
"காத்தை வித்தே சம்பளம் எடுக்கிறீர்?"
ஓம் என்றேன்.
விளங்கப்படுத்தினால் வடை ஆறிவிடும்.

வடிகட்டி நிறைந்ததும் கதவடைத்துச் சூடாக்குவோம்.
பிடித்ததெல்லாம் கக்கும்.
அந்தச் சூடு, கீழே எரிகிற குப்பையின் சூடு.
அதே குப்பையின் புகைபோக்கி
எங்கள் ஒரு வருட உழைப்பை
சில நாட்களில் வானத்துக்கு அனுப்பிவைக்கும்.
பியாட் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.
நானும் சிரிப்பேன்.
இரவுப் பணியில் சிரிக்காவிட்டால்
நித்திரை வந்துவிடும்.

முதலில் வெள்ளரித் தோட்டத்துக்குத்தான் குழாய் போனது.
கண்ணாடிக் கூரைக்குள் கொடிகள் குடித்தன,
காய்கள் பருத்தன.
ஒன்றை வாங்கி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்தேன்.
விடிவதற்குள் மூச்சாய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
இதைச் சேமிப்பு என்று பதிவேட்டில் எழுதாதே என
மேலதிகாரி சொன்னது சரிதான்.

ஏரிக்கரைச் சதுப்பில் வேலை பார்ப்பவள் வெரேனா ஹோட்ஸ்.
அடுப்பெரிக்கக் கரிச்சேறு வெட்டியவர்கள்
அன்று தோண்டிவிட்டுப் போன வாய்க்கால்களை
இன்று பலகை இறக்கி அடைக்கிறாள்.
அவளுடைய எந்திரம் ஒரு சம்மட்டி.
ஒரு ஞாயிறு
என் கையில் இரும்புக் கம்பியைத் தந்து
அழுத்து என்றாள்.
களிக்குள் அகப்பை போல இறங்கியது.
ஒரு மீற்றர், இரண்டு,
ஒட்டுக் கம்பி பூட்டி மூன்று.
நாலில் ணங் என்று ஏதோ கல்.

வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர், என்றாள்.

நாலாயிரம் வருடத்துப் பாசி
அழுக மறந்து கிடக்கிறது,
நீர் நிற்கும்வரை.
யாராவது ஒருவன் ஒரு பலகையைப் பிடுங்கினால்
அத்தனையும் மறுபடி மூச்சுவிடத் தொடங்கும்.

உன் விசிறிகள் எவ்வளவு பிடிக்கும் என்று அவள் கேட்கவில்லை.
நான்தான் சொன்னேன், கொஞ்சம் கூட்டியே.
"வேண்டும். அதுவும் வேண்டும்"
சப்பாத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்டியபடி சொன்னாள்.
அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு இரக்கம் என்று
இன்னமும் பிரித்தறிய முடியவில்லை.

மாசியில் புதிய ஒப்பந்தம் வந்தது.
இடித்த கட்டிடங்களின் கொங்கிறீற்றை நொறுக்கித்
தொட்டியில் கொட்டி மூடி
எங்கள் வளியை உள்ளே விடுவது.
சிமெந்துக்குள் மிச்சமிருக்கும் சுண்ணாம்பு
அதை வாரிக் கல்லாக்கிக்கொள்ளும்.
வெள்ளரி மாதிரி அல்ல, கல்.
வாங்கினால் வாங்கினதுதான்.

முதல் லொறியின் சீட்டில் இடத்தின் பெயர் பார்த்தேன்.
எங்கள் பள்ளிக்கூடத்து நீச்சல் குளம்.

பதினொரு வயதில் அங்கேதான்
ஆழப் பக்கம் கால் வழுக்கி இறங்கினேன்.
நீலத் தரை.
தலைக்கு மேலே யார் யாருடையவோ கால்கள்.
வாயிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாய் ஏறிப் போக
எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஏழு.
அதற்குப் பிறகு
என் பின்னலை யாரோ பிடித்து இழுத்த வலி.

நேற்று வால்வைத் திறந்தது நான்.
தொட்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை.
அழுத்தமானியின் முள்
ஒவ்வொரு கோடாய் இறங்கியது.
உள்ளே கல் குடித்துக்கொண்டிருந்தது.

"என்ன எண்ணுகிறாய்?" என்றான் பியாட்.

ஒன்றுமில்லை என்றேன்.
ஆறுவரை வந்திருந்தேன்.